வண்டி மேல் யார் பெயர்?

1

சோற்றுக்காக மொழிபெயர்ப்பு செய்கிறவன் நான். வாஷிங்மெஷின் கையேடு, இன்சூரன்ஸ் நிபந்தனை, விதைப் பாக்கெட்டின் பின்பக்கம் என்று எது வந்தாலும் மறுப்பதில்லை. சில மாதங்களுக்கு முன் சேலத்தில் விளம்பரத் தொழிலில் இருக்கும் ஒரு தம்பி பத்துப் பக்கக் குறிப்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். சீன நுகர்வோர் மத்தியில் ஒரு வியாபாரப் பெயரைப் பதியவைக்க வாகன விளம்பரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பது விஷயம்.

"சீனாக்காரனுக்கு எழுதினது நமக்கு எதுக்குப்பா?" என்றேன்.

"ஆளுதாண்ணா வேற, ரோடு ஒண்ணுதான். நம்மூர்ப் பார்ட்டிகளுக்குக் காட்டணும். தமிழ்ல போட்டுக் குடுங்க."

புதன்சந்தையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து அதைப் படித்தேன். குறிப்பின் வாதம் எளிமையானது. சுவரில் இருக்கும் விளம்பரத்திடம் மனிதன் வர வேண்டும். வண்டியில் இருக்கும் விளம்பரம் மனிதனிடம் போகிறது. பத்திரிகை என்றால் பக்கத்தைப் புரட்டிவிடலாம்; சிக்னலில் முன்னால் நிற்கிற பஸ்ஸைப் புரட்ட முடியாது. திரும்பத் திரும்பப் பார்த்த பெயர் தெரிந்த பெயராகிறது, தெரிந்த பெயர் நம்பிக்கையான பெயராகிறது. ஆகவே தடத்தைத் தேர்ந்தெடு, நிறத்தைத் தேர்ந்தெடு, சொற்களைக் குறை. இவ்வளவுதான். கூடவே ஒரு படம். நடுவில் ஒரு பஸ். அதிலிருந்து சாலையோரத்து மனிதர்களை நோக்கி அம்புகள் பாய்கின்றன. பஸ்ஸுக்குள் ஒருவரும் இல்லை. ஸ்டியரிங்கிலும் ஆள் இல்லை. பத்துப் பக்கத்திலும் 'டிரைவர்' என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை.

நான் நிமிர்ந்து பார்த்தபோது எதிரே சேலம் - நாமக்கல் ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வண்டியை ஓடுகிற பலகையாகப் பார்ப்பது இந்தச் சமவெளிக்குப் புதிய சங்கதி அல்ல. ஐம்பது, அறுபது வருஷமாக இந்தியா முழுக்க ஓடுகிற பலகைகளைக் கட்டி அனுப்புகிற ஊர்கள் இவை. எனவே அந்தக் குறிப்பை இந்த ஊரிலிருந்து வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. எழுதுவது யார், வாசிப்பது யார், எந்தப் பெயரை ஓடவிடாமல் தடுக்கிறார்கள் என்பவை அந்தக் குறிப்பு கேட்காத கேள்விகள்.

2

நாமக்கல்லில் சேலம் ரோடு, திருச்சி ரோடு, பரமத்தி ரோடு எதில் போனாலும் பாடி கட்டும் பட்டறைகள் உண்டு. கம்பெனியிலிருந்து மொட்டை சேசிஸ் வரும். கேபின் இல்லாத சேசிஸில் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வெயிலிலும் காற்றிலும் ஓட்டி வந்து விடுவார்கள். எழுதுவதற்கு இடமே இல்லாத வண்டி அது. பிறகு தச்சர், வெல்டர், டிங்கர், குஷன்காரர், எலக்ட்ரீஷியன் என்று பல கைகள் பட்டு அதற்கு உடம்பு வருகிறது. கடைசியாக பெயிண்டர். இப்போது பாதி வேலையைக் கம்ப்யூட்டரில் வெட்டிய ஸ்டிக்கர் பிடுங்கிக்கொண்டது. கேபினோடு முழுசாகக் கட்டிய வண்டியைக் கம்பெனியே விற்பதால் பட்டறை வேலையும் குறைகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பெயிண்டரிடம் கேட்டேன்: "வண்டியில என்ன எழுதணும்னு யாருங்க சொல்லுவாங்க?"

"அது ஆளாளுக்குச் சொல்லுவாங்க. ஆர்டிஓ சொல்றது கொஞ்சம், பைனான்ஸ்காரங்க சொல்றது கொஞ்சம், மிச்சம் ஓனர் சொல்றதுங்க."

"டிரைவர்?"

சிரித்தார். "அவுரு ஓட்டுவாருங்க."

அந்த உடம்பை ஒரு பிரதியாக எடுத்து அடுக்கடுக்காக வாசிக்கலாம். முதல் அடுக்கு உற்பத்தியாளரின் சின்னம்; அது உலோகத்திலேயே வார்த்து வருகிறது, பெயிண்டருக்கு அங்கே வேலை இல்லை. இரண்டாவது சட்டம்: பதிவு எண், பெர்மிட், காலி எடை, மொத்த எடை. மூன்றாவது கடன்: இன்ன பைனான்ஸுக்கு ஈடு என்று ஒரு வரி. இந்த மூன்றாவது அடுக்கு விசேஷமானது. சுவரில் விளம்பரம் எழுதினால் சுவர்க்காரருக்கு வாடகை கிடைக்கும். இங்கே வண்டிக்காரர் தன் வண்டியில், தன் செலவில், தனக்குக் கடன் கொடுத்தவரின் பெயரை எழுதிக்கொண்டு காஷ்மீர் வரை போய் வருகிறார். தவணை முடிகிறவரை அது விளம்பரம் மட்டுமல்ல, கழுத்துப் பட்டையும்கூட. பெட்ரோல் டேங்கரைப் பாருங்கள்: நிறமும் சின்னமும் எண்ணெய்க் கம்பெனியுடையவை, வண்டிக்காரர் பெயர் ஓரத்தில் சின்னதாக இருக்கும்.

நான்காவது அடுக்கு அரசாங்கம். குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்பதும் லாரியின் முதுகிலேறி ஊர் ஊராகப் போயின. ஐந்தாவதுதான் உரிமையாளர்: குலதெய்வம், பிள்ளைகள் பெயர், டிரான்ஸ்போர்ட் பெயர். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளில் இந்த அடுக்கு மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. பெரிய எழுத்தில் பெயர், அதைவிடப் பெரிய எழுத்தில் போன் நம்பர். ராஜஸ்தானில் ஒரு காட்டில் துளை போடும்போது சுற்றி நிற்கிற கூட்டம்தான் அடுத்த வாடிக்கை. விளம்பரக் கம்பெனி எதுவும் இவர்களுக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

பின்பக்கம் 'சவுண்ட் ஹாரன்'. வடக்கே போனால் 'ஹாரன் ஓகே பிளீஸ்'; மகாராஷ்டிர அரசு 2015-இல் அதை எழுதக்கூடாது என்று தடை போட்டது. போலீஸ்காரர் தெருவில் "ஏய், நீதான்" என்று கூப்பிட, திரும்பிப் பார்க்கிறவன் அந்தத் திரும்பலிலேயே அதிகாரத்துக்கு உட்பட்ட ஆளாகிவிடுகிறான் என்று அல்தூஸர் 1970-இல் எழுதினார். லாரியின் முதுகும் அப்படித்தான் விளிக்கிறது: நீ எனக்குப் பின்னால் வருகிறவன், சத்தம் கொடு, நான் விட்டால் போ. ஆனால் இந்த விளிப்பைச் செய்வது டிரைவர் அல்ல. அவர் பேச்சு அந்த உடம்பின் எந்த அடுக்கிலும் இல்லை. வெளிப்பக்கம் முழுக்க மற்றவர்களுக்குப் போக, டிரைவருக்கு மிஞ்சுவது உள்பக்கம்: கண்ணாடிக்கு மேலே ஒரு சாமி படம், ஒரு மாலை, சில சமயம் பெண்டாட்டி பிள்ளைகளின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

3

ரொலான் பார்த் 1957-இல் வந்த தன் 'மித்தாலஜீஸ்' நூலில் சித்ரோயன் காரைப் பற்றி எழுதியிருக்கிறார். கார்கள் நம் காலத்தின் மாபெரும் தேவாலயங்களுக்குச் சமம் என்பது அவர் வாதம். நம் நண்பர்கள் பலர் இதைப் படித்துவிட்டு எல்லா விளம்பரத்தையும் அதே மாதிரி வாசிக்கத் தொடங்கினோம். ஒரு வித்தியாசத்தை மறந்துவிட்டோம். பார்த் பார்த்தது கண்காட்சியில் நிற்கிற கார். ஓடுகிற வண்டியைப் பார்க்கிறவர்கள் கண்காட்சிக்கு வந்த பக்தர்கள் அல்ல. அவர்கள் சொன்னபடி வாசிப்பதில்லை.

ஒரு உதாரணம். அசோக் லேலண்ட் தன் பல அச்சு வண்டி ஒன்றுக்கு டாரஸ் என்று பெயர் வைத்தது. நம் பக்கத்தில் அது வண்டி வகையின் பெயராகிவிட்டது. போட்டிக் கம்பெனி வண்டியைக்கூட "டாரஸ் வருது, ஒதுங்கு" என்கிறார்கள். மண் தோண்டும் யந்திரங்களில் ஒரு வகை முழுக்க ஜேசிபி, இன்னொரு வகை முழுக்க ஹிட்டாச்சி. சீனத்துக் கம்பெனியான சானியின் யந்திரம் தன் பெயரை உடம்பில் கொட்டை எழுத்தில் தாங்கி ஏரியில் இறங்கினாலும் கரையில் நிற்கிறவர், "ஹிட்டாச்சி வந்திருக்குது" என்றுதான் சொல்கிறார். சீனாக்காரன் செலவில் ஜப்பான்காரனுக்கு விளம்பரம். பெயர் பதிவது எழுதுகிறவன் கையில் மட்டும் இல்லை.

அந்தக் குறிப்பு இதை அறியாமலில்லை. சீனாவுக்குப் போன அந்நியக் கம்பெனிகள் சீன எழுத்தில் புதுப் பெயர் தேடிக்கொண்டன. பென்ஸ் அங்கே 'பென்ச்சி', விரைந்து பாய்வது என்று பொருள். பிஎம்டபிள்யூ அங்கே 'பாவ்மா', விலைமதிப்பற்ற குதிரை. காசு இருக்கிற வாசகனுக்காகக் கம்பெனி தன் பெயரையே மாற்றிக்கொள்ளும். நம் லாரி டிரைவருக்காக யார் எந்தச் சொல்லை மாற்றினார்கள்? அவர் முதுகுப் பலகையில் சுமப்பதே ஆங்கிலம். அவரை நுகர்வோராக யாரும் எண்ணவில்லை என்பதுதான் காரணம்.

ஆனால் ஒரே ஒரு தடவை, டிரைவரை வாசகனாக மதித்து எல்லோரும் அவரிடம் பேச வந்தார்கள்.

4

குறிப்பை மொழிபெயர்க்கும்போது என்னைத் தடுக்கியது 'இலக்குக் குழு' என்ற சொல். எங்கேயோ கேட்ட சொல்லாக இருக்கிறதே என்று யோசித்தேன். தொண்ணூறுகளில் கேட்டது. எய்ட்ஸ் பிரச்சாரத்தில்.

1986-இல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்று கண்டறியப்பட்டது. 1995-இல் அமெரிக்க உதவிப் பணத்தில் ஏபேக் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கியது. அதன் இலக்குக் குழுக்களில் லாரி டிரைவர்கள் முக்கியமானவர்கள். தொற்று அதிகமுள்ள மாவட்டங்களின் பட்டியலில் நாமக்கல் இடம்பெற்றது. 2003 வாக்கில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று பலகைகளில் கேட்டார்கள். யார் அந்தப் புள்ளிராஜா என்று ஊரே பேசியது. ஒரு பெயரைப் பதியவைப்பதில் தமிழ்நாட்டில் அதற்கு இணையான விளம்பரம் குறைவு.

இந்தப் பிரச்சாரத்தால் உயிர்கள் பிழைத்தன. ஆணுறையைப் பற்றி வாய்விட்டுப் பேச முடிந்தது, மருந்து கிடைக்கத் தொடங்கியதும் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அதை மறுக்கிற மூடன் அல்ல நான். ஆனால் இலக்கு என்று ஒரு கூட்டத்தை அடையாளப்படுத்தும்போது அம்பு எங்கே போய்ப் பாய்கிறது? எனக்குத் தெரிந்த ஒரு டிரைவருக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "நாமக்கல் லாரியா?" என்று கேட்டுவிட்டு டம்ளரைக்கூட நீட்டவில்லை. அவருக்கு எந்த வியாதியும் இல்லை. இருந்திருந்தாலும் அந்த டம்ளரை நீட்டியிருக்க வேண்டும். லாரி, முட்டை என்று இரண்டு பெயரோடு இருந்த ஊருக்கு மூன்றாவதாக ஒரு பெயர் ஒட்டியது, அது டிரைவர் உடம்பில் ஒட்டியது. இருபது நாள் வண்டியிலேயே கிடக்க வைக்கும் வாடகை முறையைப் பற்றியோ, படுக்க இடமில்லாத லோடு இறக்கும் யார்டுகளைப் பற்றியோ எந்தப் பலகையும் கேள்வி கேட்கவில்லை. வண்டிக்கு வெளியே பெயரில்லாமல் இருந்தவருக்குக் கிடைத்த முதல் விளம்பரம் இது.

5

இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன். என் சொந்தக் கணக்கு ஒன்றும் இங்கே தீர்க்க வேண்டியிருக்கிறது.

எழுபதுகளில் பஸ்கள் அரசுடைமையானபோது கழகங்களுக்குப் பெயர் வைத்தார்கள். 1972-இல் பல்லவன், பாண்டியன், சேரன். 1973-இல் சேலத்துக்கு அண்ணா. 1974-இல் நெல்லைக்குக் கட்டபொம்மன். பிறகு ஈரோட்டுக்கு ஜீவா, திருச்சிக்குத் தீரன் சின்னமலை. நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்றால் இவற்றில் பல பெயர்கள் வந்து போகும். "அண்ணா போயிருச்சு, ஜீவாவுல போலாம் வா" என்று என் அம்மா சொல்வாள். அவளுக்கு ஜீவானந்தம் யாரென்று தெரியாது. ஆனால் ஒரு கம்யூனிஸ்டின் பெயர் அவள் வாயில் தினமும் புழங்கியது. அந்தக் குறிப்பு சொல்கிற 'பெயர் பதிதல்' இதுதான். விற்கச் சரக்கு எதுவும் இல்லாத விளம்பரம்.

1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு வீரன் சுந்தரலிங்கம் போக்குவரத்துக் கழகம் அறிவிக்கப்பட்டது. சுந்தரலிங்கம் கட்டபொம்மனின் தளபதி, தேவேந்திரர். ஆதிக்க சாதியினர் அந்தப் பேர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. கட்டபொம்மன் பெயர் இருபது வருஷத்துக்கு மேலாக அதே ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது, அதில் ஏறி உட்கார யாருக்கும் கூசவில்லை. தலைவன் பெயர் போட்ட பஸ்ஸில் ஏறலாம், அவனோடு நின்று செத்த தளபதியின் பெயர் போட்ட பஸ்ஸில் ஏறக் கூடாது! அன்றைய திமுக அரசு என்ன செய்தது? அந்த ஆண்டு ஜூலையில் எல்லாக் கழகங்களின் பெயரையும் எடுத்துவிட்டது. மாவட்டங்களுக்கு இருந்த தலைவர் பெயர்களும் போயின. நம் பக்கத்து பஸ்ஸெல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆனது.

நான் அதை ஆதரித்தேன். சேலத்தில் நடந்த ஒரு கூட்டத்தில், பெயர் அரசியலே பிற்போக்கானது, பஸ் எதற்கு, பயணத்துக்குத்தானே என்று பேசினேன். கைதட்டல் கிடைத்தது. பின்வரிசையிலிருந்து ஒரு இளைஞர் எழுந்து கேட்டார்: "இருபது வருஷமா மத்த பேரெல்லாம் ஓடுனப்ப இந்தத் தத்துவம் எங்க தோழர் போச்சு? எங்க பேரு வந்த அன்னிக்குத்தான் பேரே வேண்டாம்னு தோணுதா?" நான் ஏதோ பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை, அவர் கேள்வி நினைவிருக்கிறது.

எல்லாப் பெயரையும் அழித்தது சமத்துவம் மாதிரித் தெரிந்தது. உண்மையில் நடந்தது, ஏற மறுத்தவனுக்குக் கிடைத்த வெற்றி. அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு பெயர் ஓடக் கூடாது என்பது. அதற்கு விலையாக மற்ற பெயர்களைக் கொடுத்தார்கள். அவனுக்கு அதில் நஷ்டமில்லை.

6

ஏன் நஷ்டமில்லை என்பதை இன்று நம் ரோட்டிலேயே பார்க்கலாம். சின்னமலையைப் பிரிட்டிஷார் 1805-இல் தூக்கிலிட்டது இதே சங்ககிரிக் கோட்டையில். அதே சங்ககிரி இன்று லாரிக்குப் பேர்போன ஊர். அரசு 1997-இல் பஸ்ஸிலிருந்து அழித்த அந்தப் பெயரும் படமும் இப்போது கார்க் கண்ணாடிகளில் ஸ்டிக்கராக ஓடுகின்றன. பெயர் அதேதான், வாசிப்பு வேறு. பஸ்ஸில் அந்தப் பெயர் இருந்தபோது டிக்கெட் வாங்கிய யாரும் அதன் கீழே உட்காரலாம். அருந்ததியர் பெண்ணும் உட்காரலாம், கவுண்டர் பையனும் உட்காரலாம், பக்கத்தில் பக்கத்தில். கார்க் கண்ணாடியில் ஏறியதும் அது உள்ளே உட்காரத் தகுந்தவர் யார் என்று அறிவிக்கும் பலகையாகிவிட்டது. பொதுவில் இருந்த வீரனைத் தனிச்சொத்தாக்கிப் பட்டா போட்டுக்கொண்டார்கள். இது எல்லாச் சாதிக்கும் பொருந்தும். ஆனால் அதிகாரமுள்ள சாதியின் ஸ்டிக்கருக்கும், நானும் இருக்கிறேன் என்று ஒட்டிக்கொள்கிறவரின் ஸ்டிக்கருக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை மறப்பது 1997-இல் நான் செய்த தப்பைத் திரும்பச் செய்வதாகும்.

2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞர் திருச்செங்கோடு மலைக்கோயிலிலிருந்து காரில் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையத்துக்கு அருகே ரயில் பாதையில் உடல் கிடந்தது. 2022-இல் மதுரை நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. முதல் குற்றவாளியின் தண்டனையை 2023-இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அவர் நிறுவிய சாதி அமைப்பின் பெயரிலும் சின்னமலைதான் இருந்தார். ஒரு பெயர் பொது பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கெங்கே ஏறிப்போக முடியும் என்பதற்கு இதற்கு மேல் நான் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. விளம்பரம் என்றதும் நாம் கோலாவையும் சோப்பையும் பற்றி எழுதினோம், நுகர்வுக் கலாச்சாரம் என்று கட்டுரை கட்டுரையாகக் குவித்தோம். நம் ரோட்டில் செலவே இல்லாமல், ஏஜென்சியே இல்லாமல், அதிகத் தடவை கண்ணில் படுகிற விளம்பரம் சாதியினுடையது. திரும்பத் திரும்பப் பார்த்த பெயர் இங்கே நம்பிக்கையான பெயராவதில்லை, பயப்பட வேண்டிய பெயராகிறது. பின்னால் டிவிஎஸ் பிப்டியில் வருகிற ஒரு தலித் பையன் அந்தக் கண்ணாடியை வாசித்துவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறானே, அந்த 'இலக்குக் குழு' எந்த மார்க்கெட்டிங் குறிப்பிலும் இல்லை. நம் கட்டுரைகளிலும் இல்லை.

அழித்துவிட்டால் போதுமா? அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி உத்தரப்பிரதேச அரசு 2025 செப்டம்பரில் வாகனங்களில் சாதிப் பெயரைக் காட்டக் கூடாது என்று உத்தரவிட்டது. அப்படி ஒரு உத்தரவு இங்கும் வந்தால் நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுப்பது எளிது. பொதுவான ஒரு வண்டியின் மேல், இதுவரை எழுதவிடாத ஒரு பெயரை எழுதி ஓடவிடுவது கஷ்டம். அரசு அந்தக் கஷ்டத்தை 1997-இல் ஏற்றுக்கொள்ளவில்லை. நாமும் ஏற்கச் சொல்லவில்லை.

குறிப்பை மொழிபெயர்த்து முடித்துக் கொடுத்துவிட்டேன். தம்பி காசையும் கொடுத்துவிட்டான். "நல்லா இருக்குதுண்ணா, பார்ட்டிங்களுக்குப் புரியும்" என்றான். அந்தப் படத்தைப் பற்றி மட்டும் சொன்னேன், பஸ்ஸுக்குள் ஆளே இல்லையே என்று. "விளம்பரத்துக்கு உள்ள ஆளு எதுக்குண்ணா?" என்றான்.

அவன் கேட்டது ஒரு விதத்தில் சரிதான். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் அந்த இளைஞருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலும் அதுதான். ஏற மாட்டோம் என்கிறவர்கள் ஏறாமலே இருக்கட்டும். சுந்தரலிங்கம் பெயர் போட்ட பஸ், டிரைவரும் கண்டக்டரும் மட்டுமாக, காலியாகவே ஓடியிருக்க வேண்டும். ஒரு மாதம், ஒரு வருஷம். அவசரத்துக்கு ஒருத்தர் கைகாட்டி நிறுத்தி ஏறுகிற வரைக்கும்.